மாணவர் கல்வியில் நடைப்பயணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்து வளரும் பிள்ளை, மலை என்னுஞ் சொல்லைக் கீழ்வகுப்பிலேயே எழுதப் பழகிவிடுகின்றது. ஆறு, அருவி, பள்ளத்தாக்கு, சிகரம் என்பனவும் அடுத்தடுத்து வந்து சேருகின்றன. ஆயின், அப்பிள்ளை வாழும் நிலத்திலே மலையில்லை. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறும் இல்லை. கீரிமலையென்று பெயரளவில் ஒரு மலையுண்டு. ஆங்குச் சென்று பார்த்தால் கடலோரத்துச் சுண்ணாம்புக்கற் பாறையும், அதனிடையே ஊறும் நன்னீர்க் கேணியுமே காணப்படும். மேல்வகுப்பை அடைந்த மாணவன் ஐந்திணைகளையும் அவற்றின் கருப்பொருள்களையும் பிழையின்றி ஒப்புவிப்பான். மலையேறுங்கால் மூச்சு எவ்வாறு வாங்கும், முகில் உடம்பைத் தொடுங்கால் எத்தகைய ஈரம் படியும், ஓர் அருவியின் ஓசை எத்துணைத் தூரத்திற்கு முன்னரே செவியில் விழும் என்பவற்றை அவன் அறியான். சொல் வந்துவிட்டது, பொருள் வந்து சேரவில்லை.

சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே கிடக்கும் இத்தொலைவைக் குறைப்பது கல்வியின் முதற் கடமைகளுள் ஒன்று. படமும் திரைக்காட்சியும் அத்தொலைவை ஓரளவு குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை கண்ணுக்கு மாத்திரமே உணவளிப்பன. உடம்பு முழுவதும் ஈடுபட்டுக் கற்கும் வழி ஒன்றுண்டு. அது மிகப் பழையது, மிக எளியது, பெரும் பொருட்செலவும் வேண்டாதது. அதுவே நடைப்பயணம்.

நடைப்பயணம் என்று ஈண்டுக் கூறப்படுவது யாது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். பாடசாலைகள் ஆண்டுதோறும் நடத்தும் சுற்றுலா வேறு, இது வேறு. சுற்றுலாவில் மாணவர் இரவிலே பேருந்திலேறி, பாடியும் உறங்கியும் விடியற்காலையில் ஓரூரை அடைவர். அங்கே அரைமணி, இங்கே ஒருமணி என்று இறங்கியேறி, இரண்டு நாளில் எட்டு ஊர்களைக் கண்டு திரும்புவர். அதிலும் இன்பமுண்டு. ஆனால் ஓரிடத்திற்கும் மற்றோரிடத்திற்கும் இடைப்பட்ட நிலம் அவர்களுக்கு இல்லாததாகவே போய்விடுகின்றது. நிலம் எங்கே உயர்ந்தது, மண் எங்கே செந்நிறமாயிற்று, பனை எங்கே மறைந்து கமுகு எங்கே தோன்றியது என்பன வண்டியின் வேகத்திலே அழிந்துவிடுகின்றன. நடப்பவனுக்கோ இவ்விடைநிலமே பாடநூல். மணிக்கு மூன்று மைல் என்னும் வேகம் மனிதன் கண்ணும் காதும் மனமும் ஒருங்கு தொழிற்படுதற்கு ஏற்ற வேகமாகும்.

மேனாட்டுக் கல்வியாளர் இவ்வுண்மையை நெடுங்காலத்தின் முன்னரே உணர்ந்திருந்தனர். 1762ஆம் ஆண்டில் வெளிவந்த “எமீல்” என்னும் நூலிலே ரூசோ ஒரு நிகழ்ச்சியை அமைத்துக் காட்டுகின்றார். பாரிசு நகரத்துக்கு அண்மையிலுள்ள மொன்மொரன்சி என்னும் ஊரின் காட்டைப் பற்றி ஆசிரியர் எமீலுக்குக் கற்பிக்க முயலுகின்றார். அவ்வறிவால் என்ன பயன் என்று சிறுவன் வினவுகின்றான். ஆசிரியர் விடைகூறவில்லை. மறுநாட் காலையில் இருவரும் உலாவச் சென்று காட்டிலே வழிதவறுகின்றனர். பசியும் தாகமும் மிகச் சிறுவன் அழத் தொடங்குகின்றான். அப்பொழுதுதான் ஆசிரியர் சில வினாக்களை எழுப்புகின்றார். இப்பொழுது நேரம் என்ன? நண்பகல். காடு ஊருக்கு எத்திசையில் உள்ளது? வடக்கில். ஆயின் ஊர் காட்டுக்கு எத்திசையில் இருத்தல் வேண்டும்? தெற்கில். திசையை எவ்வாறு அறிவது? நண்பகலில் நிழல் வடக்கு நோக்கி விழும். அதற்கு எதிர்த்திசையே தெற்கு. இருவரும் அவ்வழியே நடந்து ஊரை அடைகின்றனர். முதல்நாளிற் பயனற்றதாகத் தோன்றிய வானியல், மறுநாளிற் பசிதீர்க்கும் கருவியாயிற்று.

இக்கதையை நம் நாட்டு ஆசிரியர் அப்படியே எடுத்துரைத்து நிறுத்துவாராயின் மாணவர் பெருந்தவறு ஒன்றைக் கற்றவராவர். மொன்மொரன்சி கடகக்கோட்டுக்கு வடக்கே நெடுந்தொலைவில் உள்ளது. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் நிழல் வடக்கு நோக்கியே விழும். யாழ்ப்பாணமோ வட அகலக்கோடு ஏறத்தாழ 9 பாகை 40 கலையில் அமைந்தது. ஏப்பிரல் நடுப்பகுதியிற் சூரியன் தலைக்கு நேரே வந்து, பின்னர் வடக்கே சென்று, ஓகஸ்ட் இறுதியளவில் மீண்டும் தலைக்கு நேரே வருகின்றது. ஆகவே இடைப்பட்ட நான்கு மாதங்களுக்கு மேலான காலத்தில் இங்கு நண்பகல் நிழல் தெற்கு நோக்கியே விழும். பாடசாலை முற்றத்திலே ஒரு கம்பை நிறுத்தி, மாசியில் ஒருமுறையும் ஆனியில் ஒருமுறையும் நண்பகல் நிழலைக் குறித்துப் பார்க்கும் பிள்ளை இதனைத் தானே கண்டுகொள்ளும். பிறநாட்டு நூலின் உண்மை தன் முற்றத்திலே எவ்வளவு பொருந்தும் என்று சோதிக்கக் கற்ற மாணவன், விஞ்ஞானத்தின் வாயிலைத் திறந்தவனாவான்.

ரூசோவின் கருத்தைப் பாடசாலையில் நடைமுறைப்படுத்தியவர் சுவிற்சர்லாந்து நாட்டுப் பெஸ்தலோசி. இவெர்தோன் என்னும் ஊரிலே அவர் நடத்திய பள்ளியில், மாணவர் முதலில் அண்மையிலுள்ள பள்ளத்தாக்குக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அதனை முழுமையாகவும் பகுதிபகுதியாகவும் நோக்கியபின், அங்கிருந்தே களிமண்ணை எடுத்துவந்து, தாம் கண்ட பள்ளத்தாக்கின் உருவத்தை மேசைமீது அமைத்தனர். பிற்றைநாட்களில் மீண்டும் சென்று, விடுபட்டவற்றைக் கண்டு திருத்தினர். தேசப்படம் அவர் கைக்குக் கொடுக்கப்பட்டது இவையெல்லாம் முடிந்த பின்னரே. நிலத்தை முதலிற் கண்டு படத்தைப் பின்னர்க் கற்றமையால், படத்திலுள்ள ஒவ்வொரு கோடும் அவர்களுக்குப் பொருளுடையதாயிற்று. இப்பள்ளியைக் கண்டு வியந்தவருள் ஒருவர், பிற்காலத்திற் புவியியலை ஓர் அறிவுத்துறையாக நிலைநிறுத்திய கார்ல் ரித்தர் ஆவர். ஜெனீவா நகரத்து ஆசிரியரான ரொடோல்ப் தொப்பர், தம் விடுதிப்பள்ளி மாணவரை விடுமுறைதோறும் அல்ப்ஸ் மலைகளிற் கால்நடையாக அழைத்துச் சென்று, அப்பயணங்களை நகைச்சுவை ததும்பும் சித்திரங்களோடு எழுதி 1844இல் நூலாக வெளியிட்டார்.

ஜேர்மனியிலே ரிச்சார்ட் ஷிர்மன் என்னும் பாடசாலையாசிரியரின் வரலாறு தனித்துக் கூறத்தக்கது. தொழிலாளர் பிள்ளைகள் நிறைந்த நகரப் பள்ளிகளிற் கற்பித்த அவர், வகுப்பறையை விட்டு வெளியே நடத்திச் சென்று கற்பித்தலையே விரும்பினார். 1909ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், மாணவரோடு பலநாட் பயணஞ் சென்றபொழுது ஒருநாள் மாலையிற் பெரும் இடிமழை பிடித்துக்கொண்டது. தங்குதற்கு இடமின்றி அலைந்த அவர்களுக்கு ஒரு கிராமப் பாடசாலை கிடைத்தது. வைக்கோலைப் பரப்பி மாணவர் வகுப்பறையில் உறங்கினர். இடியோசையால் உறக்கமிழந்த ஆசிரியர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. விடுமுறைக்காலத்திற் பாடசாலைகள் எல்லாம் வெறுமையாய்க் கிடக்கின்றன. ஒருநாள் நடைத்தூரத்திற்கு ஒன்றாக அவற்றை இளைஞர் தங்கும் இல்லமாக்கினால் என்ன? முதலில் தாம் கற்பித்த பாடசாலையிலும், பின்னர் ஆல்தேனா நகரத்துப் பழங்கோட்டையிலும் அவர் அவ்வெண்ணத்தை நிறைவேற்றினார். அதுவே இன்று உலகமெங்கும் பரந்துள்ள இளைஞர் விடுதி இயக்கத்தின் தோற்றம். 1932இல் அதற்கு அனைத்துலகச் சம்மேளனமும் அமைந்தது.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. அதே ஜேர்மனியில் 1901இல் அமைந்த “அலையும் பறவை” என்னும் இளைஞர் நடையியக்கம், பெரியோர் தலையீடின்றி இளைஞர் தாமே காடும் மலையும் சுற்றிப் பாடியும் சமைத்தும் மகிழ்ந்த இயக்கமாகும். 1933இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றியபின் சுதந்திரமான இளைஞர் இயக்கங்கள் கலைக்கப்பட்டன; இளைஞர் ஹிட்லரின் பெயர்தாங்கிய ஒரே அணியிற் சேர்க்கப்பட்டனர். உலாவிய கால்கள் அணிவகுப்பில் நடந்தன. கால் நடப்பது ஒன்றே கல்வியாகாது. நடப்பவன் நின்று நோக்கவும், வினவவும், வேறுவழியைச் சிந்திக்கவும் உரிமையுடையவனாய் இருத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

நடைப்பயணத்தால் மாணவர் அடையும் அறிவு எத்தகையது என்பதைச் சிவனொளிபாதமலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கலாம். சைவர் சிவபெருமான் திருவடியென்றும், பௌத்தர் புத்தபிரான் திருவடியென்றும், இசுலாமியரும் கிறித்தவருள் ஒரு சாராரும் ஆதிபிதாவின் அடியென்றும் போற்றும் மலை அது. 1344ஆம் ஆண்டில் இபின் பதூதா என்னும் அராபியப் பயணி அதன்மீது ஏறினார். ஏறுவோர் பற்றிக்கொள்ளும் இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியும் வைத்தார். மார்கழி முதல் வைகாசிவரை நீளும் யாத்திரைக் காலத்திலே நாற்சமயத்தாரும் ஒரே படியில் ஏறி இறங்குவதைக் காணும் பிள்ளைக்குச் சமய ஒற்றுமை பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதிக்காட்டல் வேண்டா.

மலையின் உயரம் 2,243 மீற்றர். ஆயிரம் மீற்றர் உயருந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது புவியியற் பாடம். கடன்மட்டத்தில் 28 பாகையாயின் உச்சியில் 13 அல்லது 14 பாகை இருத்தல் வேண்டும். விடியற்காலையிலும் காற்று வீசும்பொழுதும் குளிர் இதனினும் மிகும். அடிவாரத்திற் கம்பளிச் சட்டையை வேண்டாவென்று பையிலிட்ட மாணவன் உச்சியில் அதனைத் தேடி எடுக்கும்பொழுது அவ்விதியை ஒருபோதும் மறவாதவனாகின்றான். உச்சியில் வளியமுக்கம் கடன்மட்டத்து அமுக்கத்தில் முக்காற்பங்கினும் சிறிது கூடியதே. ஆதலால் நீர் 100 பாகையிலன்றி 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடும். அரிசி வேகுதற்கு வழக்கத்தினும் கூடிய நேரம் செல்லும். ஒரு சிறு வெப்பமானியைக் கொண்டுசென்று அடிவாரத்திலும், இடைவழியிலும், உச்சியிலும் அளந்து குறித்தல் ஏழாம் வகுப்பு மாணவனுக்கும் இயலுவதே.

உச்சியிற் சூரியோதயத்தின்பொழுது மேற்கே விழும் மலைநிழல் பலரையும் வியப்பிலாழ்த்துவது. அந்நிழல் முக்கோண வடிவினது. மலை கூரியது, ஆதலால் நிழலும் கூரியது என்று பலர் கருதுவர். உண்மை அதுவன்று. மலையின் வடிவம் எத்தகையதாயினும், அதன் உச்சியில் நிற்பவனுக்கு நீண்ட நிழல் முக்கோணமாகவே தோன்றும். நிழலின் இரு ஓரங்களும் தொலைவில் ஒன்றையொன்று நெருங்குவனபோலத் தோன்றுதல், நேரிய புகையிரதத் தண்டவாளங்கள் தூரத்திற் கூடுவனபோலத் தோன்றுதலை ஒத்தது. ஓவிய வகுப்பிற் கற்கும் தூரநோக்கு விதியை இயற்கையே வானளவாக வரைந்துகாட்டும் இடம் அது.

நீரின் வழியை அறிதற்கு ஹோட்டன் சமவெளி சிறந்த களமாகும். ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில், பத்தனாப் புல்வெளியும் குறுகி வளைந்த மரங்களையுடைய முகிற்காடும் மாறிமாறி அமைந்த நிலம் அது. 1988இல் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய பகுதிகளோடு உலக மரபுரிமையாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் ஊறுமிடம் இப்பகுதியே. மழைத்துளியொன்று ஒரு சரிவில் விழுந்தால் மகாவலியோடு சென்று திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவை அடையும். மற்றொரு சரிவில் விழுந்தால் களனியோடு கொழும்பின் வடபாற் கடலைச் சேரும். வேறொரு சரிவில் விழுந்தால் வளவையோடு தென்கடலை நாடும். நீர்பிரிநிலம் என்னும் பதத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்த மாணவன், அம்மேட்டில் நின்று இருபுறமும் நோக்கும்பொழுது, ஒரு பிடிநிலத்தின் சாய்வு ஒரு நாட்டின் வயல்களை எவ்வாறு வகுத்தளிக்கின்றது என்பதை உணர்வான். குறிஞ்சி மலரின் இனத்தைச் சேர்ந்த செடிகளும் இம்மலைக்காடுகளில் உள. சிங்கள மக்கள் அவற்றை நெலு என்பர். பல ஆண்டுகள் பூவாது வளர்ந்து, ஒருகாலத்தில் ஒருங்கே பூத்து மடிவன அவற்றுட் பல. சங்கத்தமிழ் பயிலும் மாணவனுக்குத் திணைப்பெயர் அங்கே செடியாகிக் காட்சியளிக்கும்.

மலைநாட்டு வழிகள் மக்களையும் காட்டுவன. பேருந்திலிருந்து நோக்குவோனுக்குத் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாகத் தோன்றும். நடந்து செல்வோன் அக்கம்பளத்தினிடையே குனிந்து கொழுந்து பறிக்கும் தாயையும், லயன் வாசலில் நீருக்காகக் காத்திருக்கும் பிள்ளையையும் காண்பான். அம்மக்களின் முன்னோர் கோப்பித் தோட்டக் காலத்திலே தலைமன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை கால்நடையாக வந்தவர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 2023ஆம் ஆண்டில், அவ்வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைப்பயணம் நிகழ்ந்தது. வடபுலத்து மாணவனொருவன் அவ்வழியில் ஒருநாட் பகுதியையாவது நடப்பானாயின், தன் காலை உணவோடு அருந்திய தேநீரின் வரலாற்றை அவன் கால்களே கற்றுக்கொள்ளும்.

மலைக்குச் செல்ல எல்லாப் பள்ளிகளுக்கும் எல்லாக் காலத்திலும் இயலாது. அதனால் நடைப்பயணமே இயலாதெனல் பொருந்தாது. குடாநாட்டிலேயே வழுக்கியாறு உண்டு. தெல்லிப்பழைப் பகுதியிலே தோன்றி, கந்தரோடை, சண்டிலிப்பாய் முதலிய ஊர்ப்பக்கங்களாற் சென்று, அராலிக்கு அண்மையிற் கடனீரேரியிற் கலக்கும் இவ்வாறு மாரிகாலத்தில் மாத்திரம் நீரோடுவது. கோடையில் அதன் படுக்கையிலே ஆடு மேயும். மார்கழியில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் மாணவர் அதன் வழியே நடந்தால் எத்தனை வினாக்கள் எழும்! இவ்வளவு மழைபெய்யும் நாட்டில் ஆறு ஏன் நிலைக்கவில்லை? சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களூடாக நீர் கீழிறங்கிவிடுகின்றது. இறங்கிய நீர் எங்கே? உவர்நீரின்மீது மிதக்கும் நன்னீர் வில்லையாக நிலத்தின்கீழே தங்கி நிற்கின்றது. கிணறுகளில் ஊறுவது அதுவே. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் என்னாகும்? கீழேயுள்ள உவர் மேலெழும். வயலுக்கிடும் உரம் எங்கே செல்லும்? அதே வெடிப்புக்களூடாகக் கிணற்றுக்கே செல்லும். அராலியிற் கடல்நீரைத் தடுக்கும் அணையைக் காணும்பொழுது முழுப்பாடமும் நிறைவுறும். தன் வீட்டுக் கிணற்றைப் பற்றிய இவ்வறிவு குடாநாட்டுப் பிள்ளைக்கு உயிர்நிலையான அறிவன்றோ? வழியிலுள்ள கந்தரோடையிலே, 1917ஆம் ஆண்டையடுத்துப் போல் பீரிஸ் அகழ்ந்து வெளிப்படுத்திய தொல்லிடம் வரலாற்றுப் பாடத்திற்கும் உதவும்.

கணிதமும் வழியிலே காத்திருக்கின்றது. ஸ்கொத்லாந்து மலையேறியாகிய நெயிஸ்மித் என்பார் 1892இல் ஒரு கணக்கை வகுத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி. ஏறும் உயரத்தில் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் மேலும் ஒரு மணி. ஆறு மைல் நடந்து நாலாயிரம் அடி ஏறவேண்டுமாயின் நான்கு மணிநேரம் வேண்டும். இஃது உடற்பயிற்சியுள்ள முதியோர்க்கு வகுத்த கணக்கு. சிறுவர்க்கும் பாரஞ் சுமப்போர்க்கும் கூட்டமாகச் செல்வோர்க்கும் இன்னுங் கூடும். இடவிளக்கப்படத்தில் ஒரு வழியைக் குறித்து, சமவுயரக்கோடுகளை எண்ணி, எத்தனை மணிக்குப் புறப்பட்டால் இருளுமுன் திரும்பலாம் என்று மாணவரே கணித்தல் வேண்டும். விடை பிழைத்தால் ஆசிரியர் சிவப்பு மையினாற் கோடிடார்; மாலை இருள் கோடிடும். தொலைபேசியே வழிகாட்டும் இக்காலத்தில், முன்னே நோக்கித் திசையறியும் ஆற்றல் பிள்ளைகளிடத்துத் தேய்ந்து வருகின்றது. படமொன்றைக் கையிற்கொண்டு, தாம் நிற்குமிடத்தைத் தாமே கண்டறியும் பயிற்சி ஆதலின் முன்னையினும் இன்று மிகத் தேவை.

அறிவினும் மேலான பயன் ஒழுக்கத்தின்கண் உள்ளது. நடைக்கூட்டத்தின் வேகம் அதன் மிக வலியவனால் தீர்மானிக்கப்படுவதன்று, மெலியவனால் தீர்மானிக்கப்படுவது. வகுப்பறையில் முதலிடம் பெறுபவன் முன்னே ஓடிவிடலாம். பின்னிற்பவனுக்காக அவன் நிற்கவேண்டிய நியதி இல்லை. வழியிலோ, முன்னே ஓடியவன் வளைவில் நின்று காத்திருத்தல் வேண்டும். காற்பெருவிரல் கொப்பளித்தவனுடைய பையை மற்றொருவன் சுமப்பான். ஒருவனிடம் உள்ள நீர் எல்லோர்க்கும் உரியதாகும். பாடத்திற் பின்தங்கியவனென்று எண்ணப்பட்ட பிள்ளை அடுப்பு மூட்டுவதில் வல்லவனாயும், பறவையின் குரலை அறிபவனாயும் வெளிப்படுவதுண்டு. அன்றுமுதல் அவனை வகுப்பார் நோக்கும் நோக்கே மாறிவிடும். ஆசிரியருக்கும் இது பொருந்தும். களைத்து அமர்ந்து அதே பொட்டலத்துச் சோற்றை உண்ணும் ஆசிரியரை மாணவர் மறப்பதில்லை.

இம்மண்ணுக்கு இது புதியதும் அன்று. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கீழ்க்கரை வழியாகக் கதிர்காமம்வரை அடியார் நடந்துசெல்லும் பாதயாத்திரை நெடுங்கால மரபு. வழியின் வருத்தமே வழிபாட்டின் பகுதியென்று நம் முன்னோர் கொண்டனர். போய்ச்சேர்தல் மாத்திரமே நோக்கமாயின் வண்டியே போதுமானது. போகும் வழியில் மனிதன் மாறவேண்டும் என்பதனாலேயே நடந்தனர்.

நடைப்பயணத்திற்குக் கூறப்படும் தடைகள் சிலவற்றையும் ஆராய்தல் தகும். முதலாவது நேரமின்மை. காலையிற் பாடசாலை, மாலையிலும் வார இறுதியிலும் தனியார் வகுப்பு என்று இன்றைய பிள்ளையின் கிழமை நிரம்பியுள்ளது. ஐந்து முதல் பதினேழு வயதுவரையுள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி அறுபது நிமிட உடலுழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ளது. வெளியிற் பகலொளியிற் கழிக்கும் நேரம் கூடுந்தோறும் சிறுவரிடத்துக் கிட்டப்பார்வை தோன்றுதல் குறைகின்றதென ஆய்வுகள் காட்டுகின்றன. நேரமில்லையென்று மறுக்கப்படும் ஒருநாள் நடை, கண்ணுக்கும் உடலுக்கும் செலுத்தவேண்டிய கடன் என்பதைப் பெற்றோர் உணர்தல் வேண்டும்.

இரண்டாவது அச்சம். இதனை எளிதாகத் தள்ளிவிடுதற்கில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே வடபுலத்துப் பிள்ளைகளுக்கு நடை என்பது பெரும்பாலும் இடப்பெயர்வாகவே இருந்தது. மூட்டைகளைச் சுமந்து, முதியோரைத் தாங்கி, ஊர்விட்டு ஊர் நடந்த தலைமுறையினர் இன்று பெற்றோராயுள்ளனர். பிள்ளை வாயில் கடந்தால் அவர் நெஞ்சம் துணுக்குறுதல் இயல்பே. அவ்வச்சத்தை நகைத்தல் தகாது. ஆனால் அதனை அடுத்த தலைமுறைக்கு முதுசொமாகக் கொடுத்தலும் தகாது. அச்சத்தால் நடந்த வழிகளிலே அறிவுக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் பிள்ளைகள் நடக்கும் நாள் வருதலே அவ்வழிகளின் விடுதலையாகும்.

அச்சத்திற்கு மருந்து ஆயத்தம். ஆசிரியர் அவ்வழியை முன்னரே ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். நீர் கிடைக்குமிடம், நிழல், இடையில் திரும்பும் வழி என்பவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். கூட்டம் சிறிதாயிருத்தல் நன்று. ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் செல்ல, எண்ணிக்கையை அடிக்கடி சரிபார்த்தல் வேண்டும். புதுச்சப்பாத்து அணிந்து நெடுந்தூரம் நடத்தலாகாது. மலைநாட்டில் ஏப்பிரலிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் இடிமழை பெய்வது வழக்கம். ஆதலாற் காலையிலேயே உச்சியைக் கடந்து இறங்கிவிடுதல் வேண்டும். மேலே மழைபெய்தால் கீழே ஓடை திடீரெனப் பெருகும். தெளிந்த நீரோடையென்று நம்பிக் குளித்து இறந்தவர் பலர். மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகின்றது; அதனை நோக்கியே நாட்குறித்தல் வேண்டும். வன்னி நிலப்பரப்பிற் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையுள்ள இடத்தில் ஓரடியும் வைக்கலாகாது. அட்டை கடித்தால் அஞ்சவேண்டியதில்லை. மெதுவாக அகற்றிக் கழுவினாற் போதும். இவையனைத்திற்கும் மேலாக, வானம் கறுத்தபொழுது திரும்பிவிடும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். உச்சியை அடையாது திரும்புதலும் ஒரு பாடம். பல வேளைகளில் அதுவே தலைசிறந்த பாடம்.

மூன்றாவது தடை, பெண்பிள்ளைகளுக்கு இது பொருந்துமோ என்னும் ஐயம். கதிர்காம யாத்திரையிலும் சிவனொளிபாத மலைப்படியிலும் பாட்டிமாரும் தாய்மாரும் ஏறிச்செல்வதைக் கண்டவர்க்கு இவ்வையம் எழுதற்கு இடமில்லை. வேண்டுவது ஆசிரியைமாரின் துணையும் தக்க ஒழுங்குமே.

நடைக்குப்பின் செய்யவேண்டியதையும் மறத்தலாகாது. கண்டதைப் பேசாது, எழுதாது, வரையாது விட்டால் அது களைப்பாகவே முடியும். மாணவர் திரும்பிய கிழமையிலேயே வழிப்படத்தைத் தாமே வரைதல், அளந்த வெப்பநிலைகளை வரைபாக்குதல், கண்ட செடிகளையும் பறவைகளையும் பெயரறிந்து பட்டியலிடுதல், விடைகாணா வினாக்களை நூலகத்தில் தேடுதல் என்பன நிகழ்தல் வேண்டும். பெஸ்தலோசியின் மாணவர் இரண்டாமுறையும் பள்ளத்தாக்குக்குச் சென்று திருத்தியதுபோல, ஒரே வழியை மறுபருவத்தில் மீண்டும் நடத்தல் இன்னும் சிறப்பு. பத்து இடங்களை ஒருமுறை காண்பதினும் ஓரிடத்தை மூன்றுமுறை காணுதலே கல்வியாகும்.

இதற்கெனப் புதிய கட்டடமோ, வெளிநாட்டு உதவியோ, தனிப் பாடத்திட்டமோ வேண்டா. ஒரு தவணைக்கு ஒருநாள், ஒரு படம், ஒரு குறிப்புப் புத்தகம், ஒரு போத்தல் நீர், நடக்க விரும்பும் ஓர் ஆசிரியர் என்பனவே போதும். பழைய மாணவர் சங்கங்கள் விடுமுறையிற் பாடசாலை மண்டபங்களைப் பிறவூர்ப் பாடசாலைகளின் நடைக்கூட்டத்தார் தங்குதற்கு ஒழுங்குசெய்து கொடுக்குமாயின், ஷிர்மன் இடிமழையிரவிற் கண்ட கனவு இங்கும் பலிக்கும். மலைநாட்டுப் பிள்ளை வழுக்கியாற்றங்கரையிற் பனையைத் தொட்டுப் பார்க்கவும், குடாநாட்டுப் பிள்ளை முகிற்காட்டில் நின்று மூச்சுவாங்கவும் அது வழிசெய்யும். அன்று அப்பிள்ளை எழுதும் மலை என்னும் சொல்லுக்கு உயரமிருக்கும். ஆறு என்னும் சொல்லில் ஈரமிருக்கும்.